ஐராக் பந்தயம்: ஒரே மாதிரி கார்கள், பன்னிரண்டு சாம்பியன்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் 1973 முதல் 2006 வரை, நடுவில் சில ஆண்டுகள் தவிர, ஒரு விசித்திரமான பந்தயத் தொடர் நடந்தது. வெவ்வேறு வகைப் பந்தயங்களில் கொடி கட்டிப் பறந்த ஓட்டுநர்களை ஒன்றாகக் கூப்பிட்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி காரைக் கொடுத்து, 'இப்போது ஓட்டிக் காட்டுங்கள்' என்று சொன்ன தொடர் அது. ஃபார்முலா ஒன் பார்க்கும் நம் ஊர் நண்பர்கள் பலருக்கு இதன் பெயரே தெரியாது. அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஐராக் என்றால் என்ன?

'இன்டர்நேஷனல் ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்' என்பதன் சுருக்கம். எழுத்து எழுத்தாகச் சொல்ல மாட்டார்கள், 'ஐராக்' என்று ஒரே சொல்லாகத்தான் சொல்வார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் பன்னிரண்டு பேர், நான்கு பந்தயங்கள். நான்கிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுப்பவர் சாம்பியன். வெற்றிக்குப் புள்ளி உண்டு. அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடியவர்களுக்குக் கூடுதல் புள்ளியும் உண்டு.

இப்படி ஒன்று எதற்குத் தேவைப்பட்டது?

அமெரிக்கப் பந்தய உலகம் தனித்தனிக் குடும்பங்களாக இருந்தது. தெற்கு மாநிலங்களில் ஸ்டாக் கார் ஓட்டும் நாஸ்கார். இண்டியானாபோலிஸ் பக்கம் இண்டி கார். வளைந்து நெளியும் சாலைத் தடங்களில் ஸ்போர்ட்ஸ் கார். மண் தடங்களில் ஸ்பிரிண்ட் கார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் ராஜாக்கள். இவர்களில் யார் பெரியவர் என்ற வாதம் டீக்கடையில் நடக்கும் சிவாஜியா எம்ஜிஆரா வாதம் போல முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கபடி வீரரையும் மல்யுத்த வீரரையும் எந்தக் களத்தில் நிறுத்தி ஒப்பிடுவது?

அதோடு, ஜெயித்தது காரா, ஓட்டுநரா என்ற பழைய கேள்வியும் இருக்கிறது. பணக்கார அணியில் இருப்பவருக்கு நல்ல கார் கிடைக்கும். ஏழை அணியில் எவ்வளவு திறமைசாலி இருந்தாலும் பின்னால்தான் வருவார். லெஸ் ரிக்டர், பந்தய அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கி, மைக் ஃபெல்ப்ஸ் மூவரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். காரை எல்லாருக்கும் ஒன்றாக்கிவிட்டால், மிஞ்சுவது ஓட்டுபவர்தானே. எனக்கு இந்தத் தொடரைப் பிடித்ததற்கு முதல் காரணமே இந்த எண்ணத்தின் நேர்மைதான்.

ஸ்டாக் கார் என்பது கடையில் விற்கும் காரா?

தொடக்கத்தில் அப்படித்தான். நாஸ்கார் அமைப்பு 1948-ல் உருவானபோது கடையில் வாங்கிய காரையே தடத்துக்குக் கொண்டுவந்தார்கள், 'ஸ்டாக்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பின்னாளில் உள்ளே முழுக்க மாறிவிட்டது. எஃகுக் குழாய்களால் செய்த கூடு, பெரிய வி8 இன்ஜின், மேலே மட்டும் தெருவில் ஓடும் காரின் முகச்சாயல். கனமான வண்டி. ஃபார்முலா கார் போலச் சொன்ன சொல் கேட்காது, தள்ளி இழுத்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

ஐராக்கை ஸ்டாக் கார் தொடர் என்கிறார்களே, முதல் சீசனில் அது இல்லையாமே?

ஆமாம், அது போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஆர். பதினைந்து கார்கள் வாங்கி, தூரத்திலிருந்து பார்த்தாலே யார் என்று தெரிகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்தார்கள். 1973 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் தடத்தில் மூன்று பந்தயங்கள், 1974 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டேடோனா சாலைத் தடத்தில் இறுதிப் பந்தயம்.

வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஃபார்முலா ஒன்னிலிருந்து எமர்சன் ஃபிட்டிபால்டி, டெனி ஹல்ம். நாஸ்காரிலிருந்து ரிச்சர்ட் பெட்டி, டேவிட் பியர்சன், பாபி அலிசன். இண்டி காரிலிருந்து ஏ.ஜே. ஃபாய்ட், பாபி அன்சர், கார்டன் ஜான்காக், ரோஜர் மெக்ளஸ்கி. அப்புறம் மார்க் டானஹ்யூ, ஜார்ஜ் ஃபால்மர், பீட்டர் ரெவ்சன். இத்தனை பேரை ஒரே நாளில் ஒரே தடத்தில் பார்த்த ரசிகர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான்கில் மூன்றை டானஹ்யூ ஜெயித்தார், ஒன்றை ஃபால்மர். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டானஹ்யூ பென்ஸ்கியின் ஓட்டுநர், அந்த ஆண்டு போர்ஷே 917/30-ல் கேன்-ஆம் என்ற ஸ்போர்ட்ஸ் கார் தொடரையும் வென்றவர். போர்ஷே கார் அவருக்கு வீட்டுச் சமையலறை மாதிரி. பெட்டிக்கும் பியர்சனுக்கும் அது முன்பின் தெரியாத வீடு. கார் ஒன்றாக இருந்தாலும் பழக்கம் ஒன்றாக இருக்காது என்பது முதல் சீசனிலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பன்னிருவரில் ரெவ்சன் இறுதிப் பந்தயம் முடிந்த அடுத்த மாதமே தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் சோதனை ஓட்டத்தில் இறந்தார். டானஹ்யூ 1975 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் நடந்த விபத்துக்குப் பின் இறந்தார். அந்தக் காலப் பந்தயத்தைப் பற்றி எழுதும்போது இப்படிப்பட்ட வரிகள் வராமல் இருப்பதில்லை.

போர்ஷேயை ஏன் விட்டார்கள்?

செலவு. இடித்துக்கொண்டு வந்தால் சரிசெய்யக் கட்டுப்படியாகாது. இரண்டாவது சீசனில் செவ்ரோலே கமாரோ வந்தது, 1989 வரை அதுவே இருந்தது. 1990-ல் டாட்ஜ் டேடோனா, 1994-ல் டாட்ஜ் அவெஞ்சர், 1996 முதல் கடைசி வரை பான்டியாக் ஃபயர்பேர்ட்.

கமாரோ 'ஐராக்-இஸட்' என்று ஒரு கார் உண்டே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இந்தத் தொடரின் பெயரைப் போட்டு செவ்ரோலே 1985 முதல் 1990 மாடல் வரை விற்ற தெருக் கார்தான் அது. தொடருக்குக் கார் கொடுக்கும் பொறுப்பு டாட்ஜிடம் போனதும் அந்தப் பெயர் கமாரோவிலிருந்து போய்விட்டது. பந்தயத்தைப் பார்க்காதவர்கள்கூட இந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது அந்தக் காரால்தான்.

எல்லாக் காரும் ஒன்றுபோல இருந்ததை எப்படி உறுதி செய்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நட்சத்திரங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், இந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

நியூ ஜெர்சி மாநிலத்தின் டின்டன் ஃபால்ஸ் என்ற ஊரில் ஐராக்கின் பட்டறை இருந்தது. கார்கள் அங்கேதான் தயாராயின. ஜே சிக்னோரே பல ஆண்டுகள் இதை நடத்தினார். பின்னாளில் ஜெஃப் கார்டனின் தலைமை மெக்கானிக்காகப் புகழ்பெற்ற ரே எவர்ன்ஹாம், இளம் வயதில் இங்கே வேலை பார்த்தவர்.

ஒரே அளவில் பன்னிரண்டு கார் கட்டிவிட்டால் போதாது. ஒரே வரைபடம், ஒரே உதிரிபாகம் என்றாலும் ஒரு கார் திருப்பத்தில் மூக்கைத் தள்ளும், இன்னொன்று வாலை ஆட்டும். ஒரே மாவில் சுட்ட தோசைகள்கூட ஒன்றுபோல வருவதில்லை அல்லவா? அதனால் பந்தயத்துக்கு முன்பு டேவ் மார்சிஸ், ஜிம் சாட்டர், டிக் டிரிக்கிள் போன்ற அனுபவசாலிகளைக் கொண்டு கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு காரில் சில சுற்றுகள், இறங்கி அடுத்த காரில் சில சுற்றுகள். எது பின்தங்குகிறதோ அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டுவார்கள். நேரங்கள் நெருங்கி வரும்வரை இதுதான் வேலை. மார்சிஸ் பந்தயக் காலணி போடாமல், ஆபீஸுக்குப் போட்டுப் போகிற மாதிரி தோல் ஷூவில் கார் ஓட்டுவதற்குப் பேர்போனவர். அந்த ஷூ அழுத்திப் பார்த்த பெடலைத்தான் பின்னர் டேல் ஏர்ன்ஹார்ட், அன்சர் போன்ற நட்சத்திரங்கள் அழுத்தினார்கள்.

அதன்பின் எந்தக் கார் யாருக்கு என்பது குலுக்கலில். மெக்கானிக்குகள் ஐராக்கின் ஆட்கள். ஓட்டுநர் தன் சொந்த ஆளைக் கூட்டிவந்து செட்டப்பை மாற்ற முடியாது. தொடக்க வரிசையும் முதல் பந்தயத்துக்குக் குலுக்கல்தான். அடுத்தடுத்த பந்தயங்களில் வரிசையைத் தலைகீழாக்கிவிடுவார்கள். நன்றாக ஓட்டியவர் பின்னாலிருந்து கிளம்ப வேண்டும்.

ஒரு பந்தயம் எவ்வளவு நேரம் நடக்கும்?

ஓவல் எனப்படும் நீள்வட்டத் தடங்களில், பெரியவற்றில் சுமார் 160 கிலோமீட்டர். டேடோனாவில் 40 சுற்று, டாலடேகாவில் 38, மிச்சிகனில் 50. பெட்ரோல் போட, டயர் மாற்ற என்று நிற்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வட்டமாகச் சுற்றுவதில் என்ன திறமை இருக்கிறது?

நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். டேடோனா தடத்தின் நீளம் 4 கிலோமீட்டர், திருப்பங்கள் 31 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தச் சரிவில் நடந்து ஏறவே கையை ஊன்ற வேண்டியிருக்கும். அதில் முழு வேகத்தில் போகும்போது முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு போகிறவருக்குக் காற்றின் தடை குறையும். டிராஃப்டிங் என்பார்கள். தனியாகப் போனால் மெதுவாகிவிடுவீர்கள், துணையோடு போனால் வேகம். ஆனால் அந்தத் துணைதான் கடைசிச் சுற்றில் உங்களைத் தாண்டப் போகிறவர். யாரோடு சேர்வது, எப்போது பிரிவது, கண்ணாடியில் தெரிகிறவர் எந்தப் பக்கம் வருவார், இதையெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். கார்கள் ஒன்றாக இருக்கும் ஐராக்கில் இந்தச் சாமர்த்தியம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

யார் அதிகம் ஜெயித்தார்கள்?

மார்க் மார்ட்டின். 1994, 1996, 1997, 1998, 2005 என ஐந்து பட்டங்கள், பதின்மூன்று பந்தய வெற்றிகள். இந்த மனிதர் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் ஐந்து முறை இரண்டாம் இடம் வந்தும் ஒரு முறைகூடப் பட்டம் வெல்லவில்லை. கையில் எல்லாருக்கும் ஒரே காரைக் கொடுத்தபோது அவரை மிஞ்ச ஆளில்லை. அவரைப் பற்றி யாராவது 'பட்டம் வாங்காதவர்தானே' என்று சொன்னால், நான் இந்த ஐந்து ஆண்டுகளைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அடுத்து டேல் ஏர்ன்ஹார்ட்: 1990, 1995, 1999, 2000. ஏ.ஜே. ஃபாய்ட் தொடக்க காலத்தில் அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கினார். அல் அன்சர் ஜூனியர் 1986, 1988. அவருடைய அப்பா அல் அன்சர், பெரியப்பா பாபி அன்சர் இருவருமே ஐராக் சாம்பியன்கள். லபான்டே அண்ணன் தம்பி இருவரும் வென்றிருக்கிறார்கள், டெர்ரி 1989-ல், பாபி 2001-ல்.

அப்படியானால் நாஸ்கார் ஓட்டுநர்கள்தான் சிறந்தவர்களா?

பட்டியலை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். 1989 முதல் 2006 வரை வென்ற எல்லாரும் நாஸ்காரில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். ஆனால் எங்கே ஓட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஓவலும் சாலைத் தடமும் கலந்து இருந்தன. 1992 முதல் 2005 வரை எல்லாமே ஓவல். ஸ்டாக் காரில், ஓவல் தடத்தில், நாஸ்கார்காரர்களோடு மோதச் சொன்னால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். முதல் சீசனில் டானஹ்யூவுக்கு இருந்த வசதி இப்போது இவர்களுக்கு.

தொடரின் பெரிய குறையாக நான் நினைப்பது இதைத்தான். நான்கில் ஒன்றாவது சாலைத் தடமாக இருந்திருக்க வேண்டும். ஒன்று மண் தடமாக இருந்திருந்தால் இன்னும் அழகு. கடைசி ஆண்டான 2006-ல் டேடோனா சாலைத் தடத்தைச் சேர்த்தார்கள், அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இருந்தும் வெளியாள் ஜெயித்த நாட்கள் உண்டு. 1994-ல் டாலடேகாவில் ஸ்டீவ் கின்சர் ஜெயித்தார். மண் தடத்தில் சேறு பறக்க ஸ்பிரிண்ட் கார் ஓட்டுவதில் ராஜாவாக இருந்தவர், உலகத்தின் மிக வேகமான ஓவல்களில் ஒன்றில் நாஸ்கார் ஜாம்பவான்களைத் தோற்கடித்தார். ஐராக் எதற்காக உருவானதோ, அது அன்று நடந்தது.

1993 சீசனை ஏன் எல்லாரும் குறிப்பிட்டுப் பேசுகிறார்கள்?

அந்த ஆண்டு பன்னிருவரில் இருவர் சீசன் முடிவதற்குள் இறந்துபோனார்கள்.

ஆலன் குல்விக்கி 1992-ன் நாஸ்கார் சாம்பியன். பெரிய அணிகள் அழைத்தும் போகாமல், தன் சொந்த அணியை நடத்தி, வெறும் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றவர். ஐராக்கில் முதல் இரண்டு பந்தயங்கள் ஓட்டினார். ஏப்ரல் 1-ம் தேதி டென்னசியில் நடந்த விமான விபத்தில் உயிரிழந்தார். மிச்சமிருந்த இரண்டு பந்தயங்களை அவருக்காக டேல் ஏர்ன்ஹார்ட் ஓட்டினார். இருவர் எடுத்த புள்ளிகளும் சேர்ந்து குல்விக்கியின் பெயருக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது.

டேவி அலிசன் முதல் சீசனில் ஓட்டிய பாபி அலிசனின் மகன். பாபி 1980-ல் ஐராக் பட்டம் வென்றவர். நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500-ல், 1988-ல், அப்பா முதலிடம், மகன் இரண்டாமிடம். அதே ஆண்டு போகோனோ தடத்தில் நடந்த விபத்தோடு அப்பாவின் பந்தய வாழ்க்கை முடிந்தது. 1992 ஆகஸ்டில் டேவியின் தம்பி கிளிஃபோர்ட் மிச்சிகன் தடத்தில் பயிற்சியின்போது இறந்தார். 1993 ஜூலை 12-ல் டேவி ஓட்டிவந்த ஹெலிகாப்டர் டாலடேகா தடத்தில் இறங்கும்போது விழுந்தது. மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. வயது 32.

கடைசிப் பந்தயம் பாக்கி இருந்தது. நடக்க வேண்டிய இடம் மிச்சிகன், தம்பி இறந்த அதே தடம். டேவியின் இடத்தில் டெர்ரி லபான்டே உட்கார்ந்தார். அவர் எடுத்த புள்ளிகள் டேவியின் கணக்கில் சேர்ந்தன, பட்டம் டேவிக்குக் கிடைத்தது. வழக்கமாக ஒருவரை ஒருவர் முந்தத் துடிக்கிறவர்கள், இறந்துபோன நண்பனின் கணக்கை முடித்துவைக்க உட்கார்ந்து ஓட்டினார்கள். ஐராக்கின் பட்டியலில் 1993 என்ற வரிக்கு நேராக டேவி அலிசனின் பெயர் இருக்கிறது. நான் அந்த வரியை அவ்வளவு எளிதாகக் கடந்து போனதில்லை.

ஏர்ன்ஹார்ட்டின் கடைசி ஐராக் பந்தயத்தில் என்ன நடந்தது?

2001 பிப்ரவரி 16, டேடோனா. எட்டி சீவர் ஒரு காலத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டியவர், 1998-ல் இண்டி கார்களின் பெரிய பந்தயமான இண்டி 500-ஐ வென்றவர். அவருடைய கார் ஏர்ன்ஹார்ட்டை உள்பக்கம் தள்ளிவிட, ஏர்ன்ஹார்ட்டின் கார் தடத்தைவிட்டு இறங்கிப் புல்லில் ஓடியது. அந்த வேகத்தில் புல்லில் இறங்கிய கார் சுழன்று சுவரில் மோதுவதுதான் வழக்கம். ஏர்ன்ஹார்ட் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி, காரைச் சுழலவிடாமல் புல்வெளி முழுவதையும் கடந்து திரும்பவும் தடத்தில் ஏற்றினார். கொடி விழுந்தபின், வேகம் குறைத்துச் சுற்றும்போது, சீவரின் காரை இடித்துச் சுழற்றிவிட்டார். பிறகு இருவரும் நின்று பேசிச் சமாதானம் ஆனார்கள். அன்று ஜெயித்தவர் டேல் ஜாரெட்.

இரண்டு நாள் கழித்து, அதே தடத்தில் நடந்த டேடோனா 500-ன் கடைசிச் சுற்றில் ஏர்ன்ஹார்ட் இறந்தார்.

தொடர் ஏன் நின்றது?

2006-ல் டோனி ஸ்டூவர்ட் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டுக்கு விளம்பரதாரர் கிடைக்கவில்லை. 2008 மார்ச்சில் கார்கள் ஏலத்தில் போயின. பணம் ஒரு காரணம். எல்லாத் தடமும் நாஸ்கார் தடமாகி, எல்லாச் சாம்பியனும் நாஸ்கார் சாம்பியனானபின், வார இறுதியில் எப்படியும் பார்க்கப்போகிற ஆட்களையே முந்தின நாளும் பார்ப்பானேன் என்று ரசிகர்களுக்குத் தோன்றிவிட்டது என்பது என் கருத்து.

அதற்குப் பிறகு யாராவது முயன்றார்களா?

ஐராக்கில் வேலை பார்த்த எவர்ன்ஹாமும் அதன் கடைசிச் சாம்பியன் ஸ்டூவர்ட்டும் இன்னும் சிலரோடு சேர்ந்து 2021-ல் எஸ்ஆர்எக்ஸ் என்ற தொடரைத் தொடங்கினார்கள். முதல் சீசனில் ஆறு பந்தயங்கள், சனிக்கிழமை இரவுகளில். பெரிய ஓவல்களை விட்டுவிட்டுச் சின்ன ஊர்களின் சின்னத் தடங்களுக்குப் போனார்கள். இரண்டு மண் தடம், நான்கு தார்த் தடம். ஐராக்கில் நான் குறையென்று சொன்னதைச் சரிசெய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர் ஓட்டுநர் ஒருவருக்கும் இடம் கொடுத்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாஃபோர்டில் நடந்த முதல் பந்தயத்திலேயே, அந்தப் பகுதியில் பெயர் பெற்ற டக் கோபி, இண்டி 500 வென்றவர்களையும் நாஸ்கார் சாம்பியன்களையும் பின்னால் தள்ளிவிட்டு ஜெயித்தார். நாஷ்வில்லில் நடந்த கடைசிப் பந்தயத்தில் பில் எலியட்டும் மகன் சேஸ் எலியட்டும் ஒரே களத்தில் ஓட, வென்றவர் மகன். சீசன் பட்டம் ஸ்டூவர்ட்டுக்கு. 2022-ல் மார்கோ ஆண்ட்ரெட்டி, 2023-ல் ரயன் நியூமன். 2024 சீசன் நடக்காது என்று அந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் நடந்த 'ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்' இதுதானா?

இல்லை. அது 1988-ல் ராலி ஓட்டுநர்களை வைத்துத் தொடங்கியது. பின்னாளில் பெரும்பாலும் அரங்கத்துக்குள் தடம் அமைத்து இருவர் இருவராக மோதினார்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வருகிறது.

நம் ஊர்க்காரர் யாராவது ஓட்டியிருக்கிறாரா?

ஐராக்கில் இல்லை. ஆனால் ஸ்டாக் கார் உலகத்துக்குள் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் போயிருக்கிறார். ஃபார்முலா ஒன் ஓட்டிய பிறகு, 2010-ல் நாஸ்காரின் பிக்கப் டிரக் தொடரில் சில பந்தயங்கள் ஓட்டினார். அந்த ஆண்டு அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் ரசிகர்கள் வாக்கில் அவருக்குக் கிடைத்தது.

புதிதாகப் பார்க்க விரும்புகிறேன், எதில் தொடங்கலாம்?

பழைய பந்தயங்கள் பல யூடியூபில் இருக்கின்றன. 1999 மிச்சிகன் பந்தயத்தில் தொடங்குங்கள். கடைசிச் சுற்று போதும். முன்னால் டேல் ஏர்ன்ஹார்ட், வயது 48. பின்னால் அவருடைய மகன் டேல் ஜூனியர், 24. மகன் கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாக ஏறி வருகிறார். இரண்டு காரும் கதவோடு கதவு உரசிக்கொண்டு நேர்கோட்டுக்கு வருகின்றன. கார் ஒன்றுதான், இன்ஜின் ஒன்றுதான், பெயர்கூட ஒன்றுதான். நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு வித்தியாசத்தில் அப்பா கோட்டைத் தாண்டுகிறார்.